இரண்டு திகதிகளும் ஐந்து மணித்தியாலமும்

யூன் 2, திங்கள்

விடியப்புறம் நாலு மணிக்கு மழை பிடித்தது. முதல் துளி ஏசிப் பெட்டியின் தகரத்தில் விழுந்தது கூடக் காதில் கேட்டது. கேட்காமல் எப்படி? அதற்கு முன்பே ஒன்றரை மணித்தியாலமாக விழித்துக்கொண்டுதானே கிடந்தேன்.

காலி வீதியில் புதுக் கொப்பி வாங்கினேன். எண்பது பக்கம், ஒற்றைக் கோடு. காரணம்: பம்பலப்பிட்டியில் மனநல ஆலோசனை தருகிற கவுன்சிலர் பிள்ளை ஒரு நித்திரை ஃபோம் தந்திருக்கிறார். எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு நித்திரை, எத்தனை தரம் விழிப்பு, காலையில் மனநிலைக்கு ஐந்தில் எத்தனை. நாளுக்கு ஒரு வரி. அது அவருக்கு. இந்தக் கொப்பி எனக்கு. இதில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். இவர், என் புருஷன், எடுத்துப் பார்க்கமாட்டார். கிரிக்கெட் பக்கம் தவிர வேறு எதையும் இவர் வாசித்ததை இருபத்தாறு வருடத்தில் நான் காணவில்லை.

நேற்று: படுத்தது 9.15. நித்திரை 12.50 போல. விழிப்பு 2.30. பிறகு இல்லை. பக்கத்தில் இவர் தலையணையில் தலை பட்ட நிமிடத்திலிருந்து நல்ல நித்திரை. எழுப்பி ஒரு அறை விடலாமா என்றிருந்தது.

பதினாலு மாதமாக இதே கூத்து. மாத்திரை முதல் இரண்டு மாதம் கேட்டது. இப்போது போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். டொக்டர் சொல்லிவிட்டார், இப்படியே எழுதித் தந்துகொண்டிருக்க ஏலாது, கவுன்சிலரிடம் போங்கோ என்று. போக வெட்கம். போனேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாத்திரை இல்லாமல் ஐந்து மணித்தியாலம். எட்டு கேட்கவில்லை, ஏழு கேட்கவில்லை. ஐந்து.

வாங்க: சீனி, குசினிக்குப் பல்ப், இவருடைய பிரஷர் குளிசை.

யூன் 4, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது.

கடையில் மானம் போகப் பார்த்தது. பாரூக் நானாவின் கடையில் முன்னுக்குப் போட்டோ கொப்பி, லமினேட்டிங், போன் ரீலோட். பின் மூலையில் என் மேசை, ஒரு கணினி, ஒரு ஸ்கானர். விசா ஃபோம், ஸ்பொன்சர் கடிதம், பாஸ்போர்ட் விண்ணப்பம், சத்தியக்கடதாசி. பத்தொன்பது வருடம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, லொட்ஜில் பையை வைத்துவிட்டு நேரே என்னிடம் வருவார்கள். “மலர் அக்கா எழுதினால் திரும்பாது” என்று ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு நல்ல விருப்பம். கொப்பியில் மறைத்து என்ன?

இன்று ஒரு ஹாஜியாரின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பதினெட்டு வயதுப் பெட்டையின் படத்தை ஒட்டிவிட்டேன். நானாதான் கண்டார்.

“மிஸ், ஹாஜியார் இந்த வயசில காது குத்தினாரா? கண்ணு ரெண்டும் செவந்து ஈக்கி உங்களுக்கு. ஊட்டுக்குப் போய்ப் படுங்க.”

படுக்கவாம். எல்லாருக்கும் இது ஒன்றுதான் தெரியும்.

மத்தியானம் தர்ஷினி வந்தாள். கையில் படக் கட்டு. “அக்கா, இது மார்கழியில இவர் வந்த நேரம் கதிர்காமத்தில எடுத்தது. இது கோல்பேஸில, பட்டம் விடுறம். ரெண்டு சீலை மாத்தினனான், ஒரே நாள் எண்டு தெரியக்கூடாதெல்லோ?” புருஷன் கனடாவில். இவளுடைய விசா போன வருடம் மறுக்கப்பட்டது. பாமன்கடையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, புடைவைக் கடையில் வேலை செய்துகொண்டு காத்திருக்கிறாள். படங்களை வாங்கி “நல்லது பிள்ளை” என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை. இவள் விஷயம் பிறகு எழுதுகிறேன். எழுதாமல் விட்டாலும் விடுவேன்.

யூன் 8, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். தலையணை உறைகள் காயப் போட்டேன்.

நாளைக்குக் கவுன்சிலரிடம் ஃபோம் கொடுக்கவேண்டும். ஏழு நாள் வரியும் வெறுமையாகக் கிடந்தது. ஒரே இருப்பில் நிரப்பினேன், இருபது நிமிடம். எல்லா நாளும் ஒரே நேரம் போட்டால் சந்தேகம் வரும், அதனால் 10.20, 10.30, 10.25. ஒரு நாளைக்கு மட்டும் 11.05. புதன்கிழமைக்கு ஒரு கெட்ட இரவு கொடுத்தேன், உண்மை மாதிரி இருக்க. மனநிலை: 4, 4, 3, 2, 4, 4, 4. நாலு வரி நீலப் பேனை, மூன்று வரி கறுப்பு. கடைசியில் மூலையில் ஒரு சொட்டுப் பிளேன்டீ.

எந்த அதிகாரி பார்த்தாலும் குறை பிடிக்க ஏலாத ஃபோம். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

உண்மையில் புதன்கிழமைதான் கொஞ்சம் நித்திரை கொண்டேன்.

யூன் 9, திங்கள்

குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். நல்ல குடை.

கவுன்சிலர் பிள்ளை ஃபோமை இரண்டு தரம் பார்த்தார். முப்பது வயதுதான் இருக்கும், ஆறுதலாகக் கதைப்பார். “அன்ரி, ஆறே கால் மணித்தியாலம் வருதே. இது என்னைவிடக் கூட. பிறகு என்ன பிரச்சினை?”

அளவுக்கு மிஞ்சி நல்லாக எழுதிவிட்டேன். வருத்தமே இல்லாத வருத்தக்காரி ஆகிவிட்டேன்!

“சில நாளில கொஞ்சம் குறையும்” என்று சமாளித்தேன்.

“எப்ப துவங்கினது அன்ரி?”

“போன வருசம் சித்திரை.”

“அந்த நேரம் வீட்டில, வேலையில ஏதும் நடந்ததா?”

“ஒண்டுமில்லை. ஐம்பது தாண்டினால் இப்பிடித்தானே.”

எழுதிக்கொண்டார். மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து தலைகீழாக வாசிப்பது எனக்குத் தண்ணி பட்ட பாடு. “ஒன்றுமில்லை” என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். கெட்டிக்காரி.

ஃபோமை நம்பி விதி தந்தார்: 10.30க்குப் படுக்கை, 5க்கு எழும்ப வேண்டும்.

யூன் 12, வியாழன்

காற்று. கடல் பக்க ஜன்னல் முழுக்க உப்பு.

மூன்று இரவு அந்த விதிப்படி. நித்திரை ஒன்றரை, இரண்டு, ஒன்றே கால் மணித்தியாலம். நேற்று மூன்று மணிக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இவர் வந்து கதவைத் தட்டினார். “இஞ்சேரும், கண்ணை மூடிக்கொண்டு கிடவும், தானா வரும்.” தானாக வராது. கண்ணை மூடினால் திகதிதான் வரும். யார் யாருடைய பிறந்த திகதி, பாஸ்போர்ட் முடிகிற திகதி. அவற்றுக்கு நடுவில் எப்போதும் ஒரே இரண்டு திகதி.

எழுதிவிடுகிறேன். யாருக்கும் சொன்னதில்லை, இவருக்கும்.

தர்ஷினிக்கு எழுத்து நடந்தது பெப்ரவரி 11. மாப்பிள்ளை பத்து நாள் லீவில் வந்து, பதிவாளர் முன்னால் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, ஆள் திரும்பிப் போய்விட்டார். தாலிகட்டு செப்ரெம்பர் 8, இங்கே வெள்ளவத்தை மண்டபத்தில். எங்கள் ஆட்களுக்கு எழுத்து வெறும் கடதாசி, கல்யாணம் என்றால் தாலிகட்டுத்தான். எழுத்து முடிந்த பெட்டையையும் தாலி ஏறும் வரைக்கும் குமர் என்றுதான் சொல்வோம். விசா அலுவலகத்துக்கோ கடதாசி நாள்தான் கல்யாண நாள். எனக்குத் தெரியாததா இது? வருகிற ஒவ்வொருத்தரிடமும் முதல் கேள்வியே “எழுத்து நாளைச் சொல்லுங்கோ” என்பதுதான். இவளிடம் மட்டும் கேட்கவில்லை. ஏனென்றால் அந்தத் தாலிகட்டுக்கு நானே போனேன். மூன்றாம் வரிசையில் இருந்து அட்சதை போட்டேன், பாயசம் இரண்டு தரம் வாங்கினேன். திகதி தலையில் நின்றது, கை எழுதிவிட்டது. அங்கே மாப்பிள்ளை தன் ஃபோமில் பெப்ரவரி 11 என்று சரியாகவே எழுதியிருக்கிறார்.

மறுப்புக் கடிதத்தில் “தகவல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை” என்று மட்டும் இருந்தது. எவை என்று இல்லை. அன்று இரவு என்னிடமிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். கண்டேன். அடுத்தநாள் தர்ஷினி அழுதுகொண்டு வந்து முன்னால் இருந்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இது: “படம் காணாது பிள்ளை. ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் இன்னும் வேணும்.”

அன்றிலிருந்து அவள் படம் எடுக்கிறாள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

யூன் 15, ஞாயிறு

காலையில் இடியப்பம், சம்பல். சம்பலுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் அப்படியே சாப்பிட்டார்.

மறுபடி ஏழு வெறும் வரி. நீலப் பேனை, கறுப்புப் பேனை இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு இரண்டையும் வைத்துவிட்டு இந்தக் கொப்பியைத் திறந்து, உள்ளதை அப்படியே பென்சிலால் பார்த்து எழுதினேன். வெட்டு, கொத்து, அம்புக்குறி. மனநிலை: 1, 1, 1, 2, 1, 1. ஒரு நாளைக்குப் பூச்சியம், அது ஃபோமில் இல்லாத எண்.

என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான ஒரு ஃபோமை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

யூன் 16, திங்கள்

மழை. புதுக் குடை.

கவுன்சிலர் ஃபோமைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போன கிழமை ஃபோமை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“அன்ரி, ஒரு கிழமைக்குள்ள ஆறு மணித்தியாலம் ரெண்டாப் போச்சே?”

“போன கிழமை நான் எழுதினது பொய்.”

“ரெண்டு பேனையால?”

“ஓம்.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். பிறகு இரண்டு திகதி விஷயம் முழுக்கச் சொன்னேன். முதல் தரம் ஒரு மனிசருக்குச் சொல்கிறேன்.

“சொல்லச் சொல்லி நான் சொல்லமாட்டன் அன்ரி, அது உங்கட முடிவு. ஆனா ராத்திரியில உங்கட மூளை டியூட்டியில நிக்குது. பிழை பிடிக்கிற டியூட்டி. பகலில முடியாத வேலையை ராத்திரி செய்யுது. நித்திரை வரேல்லை எண்ட பயம் அதுக்கு மேல. ஒண்டு அடங்கப் போக மற்றது கிளப்பிவிடும். சொன்னால் என்ன நடக்கும் எண்டு பயப்பிடுறீங்கள்?”

“என்ர பேர் போகும்.”

அதையும் எழுதிக்கொண்டார். இந்த முறை கேள்விக்குறி இல்லை.

புது விதி. படுக்கை 12.30, எழும்ப 5.30. ஒரு நிமிடமும் கூடக்கூடாது. பகல் படுக்கை இல்லை. கட்டில் நித்திரைக்கு மட்டும், யோசிப்பதென்றால் கதிரையில் இருந்து யோசிக்கவேண்டும். மணிக்கூடு அலுமாரிக்குள். பின்னேரம் ஆறு மணிக்கு அரை மணித்தியாலம் ‘யோசனை நேரம்’, பேப்பரில் எழுதி மடித்து வைக்கவேண்டும். டொக்டரோடும் கதைத்துவிட்டார்: மாத்திரை ஒரு கிழமைக்குப் பாதி, பிறகு ஒன்றுவிட்ட நாள், பிறகு நிற்பாட்டு.

நித்திரை வராதவளை நித்திரை கொள்ளாதே என்கிறார். சரி. பார்ப்போம் ஒரு கை.

யூன் 19, வியாழன்

மூன்று இரவு, 9 முதல் 12.30 வரை நான் செய்தவை:

அலுமாரி மூன்று தட்டும். மசாலாப் போத்தல்கள், லேபிள் எழுதி ஒட்டியது. இவருடைய காற்சட்டைகளுக்குத் தெறி தைத்தது. பழைய மின்சார பில் கிழித்தது. குசினிக் குழாய் விளிம்பு, பல்துலக்கும் பிரஷால்.

செவ்வாய்க்கிழமை எனக்குத் துணைக்கு முழித்திருக்கிறேன் என்று இவர் கதிரையைப் போட்டு இருந்தார். பத்து மணிக்கு வாய் திறந்தபடி. நல்ல துணை.

நேற்று பதினொன்றரைக்கு அடுப்புக் கல்லைத் துடைத்தபடி நின்றவாக்கில் தலை தொங்கியது. தலை தொங்கியது! எனக்கு நித்திரை தூங்கியது! விழுந்துவிடுவேன் என்று பயந்து முகம் கழுவிக்கொண்டு இன்னும் ஒரு மணித்தியாலம் பல்லைக் கடித்தேன். பதினாலு மாதமாக நித்திரை என்னைத் துரத்த வைத்தது. இப்போது அது கதவடியில் நிற்கிறது, நான் பொறு என்கிறேன். வைத்தேனா பார்!

யூன் 22, ஞாயிறு

நேற்று: 12.30 படுக்கை, உடனே நித்திரை. விழிப்பு 4.30 போல. நாலு மணித்தியாலம் ஒரே இழுப்பில். காலையில் இவருக்கு முட்டை அப்பம் சுட்டுக் கொடுத்தேன். “என்ன விசேஷம்?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆனால் விழித்தபோது முதல் வந்தது பெப்ரவரி 11. அடுத்தது செப்ரெம்பர் 8. எழும்பிப் போய்க் கதிரையில் இருந்தேன். கதிரையிலும் அதே இரண்டும் பக்கத்தில் வந்து இருந்தன.

யூன் 25, புதன்

கடையில் சனம். ஸ்கானர் மக்கர்.

தர்ஷினி ஓடி வந்தாள், முகம் முழுக்கச் சிரிப்பு. “அக்கா, இவர் ஆவணியில வாறார். சம்பளம் இல்லாத லீவு. நுவரெலியா போய் இன்னும் ஐம்பது படம் எடுத்துப்போட்டு அதோட அப்ளை பண்ணுவம். கம்பளிச்சட்டை போட்டு எடுத்தால் வித்தியாசமா இருக்குமெல்லோ?”

“இன்னும் பொறுக்கிறதோ பிள்ளை?”

“நீங்கள்தானே அக்கா படம் காணாதெண்டனீங்கள்.”

போய்விட்டாள். பின்னேரம் ‘யோசனை நேரம்’ பேப்பரில் ஒரு வரிதான் எழுதினேன். நாளைக்குப் பாமன்கடை.

யூன் 26, வியாழன்

இதை இரவு பதினொன்றரைக்கு எழுதுகிறேன். எழுதிவிட்டுத்தான் படுக்கவேண்டும்.

பின்னேரம் ஆறரைக்கு நடந்தே போனேன். மேல்மாடியில் ஒரு அறை. சுவர் ஓரமாகச் சப்பாத்துப் பெட்டி ஒன்று, முழுக்கப் படம். கட்டில் விளிம்பில் இருத்தினாள். பிரதியை எடுத்துக் காட்டி, வளைக்காமல் சொன்னேன். “பிழை என்ர பிள்ளை. படம் காணாததால இல்லை. நான் தாலிகட்டு நாளை எழுதிப்போட்டன். எனக்கு அப்பவே தெரியும்.”

முதல் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

“அப்பவே தெரியுமோ?”

“ஓம்.”

“ஒரு வருசமும் ரெண்டு மாசமும் தெரியுமோ?”

“ஓம்.”

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் ஏசினாள். “வாய் நோகச் சிரிச்சனான் அக்கா! சிகிரியாவில காய்ச்சலோட ஏறி நிண்டு சிரிச்சனான்! மார்கழியில அந்த மனிசன் வந்து நிண்டது பதினாறு நாள், பதினாறு நாளும் படம்! ஒரு நாள் நிம்மதியா இருந்து கதைச்சமோ? கடற்கரையில நிக்கிறவனையெல்லாம் கூப்பிட்டுப் படம் எடுத்துத் தரச்சொல்லிக் கெஞ்சினனாங்கள். எனக்கு முப்பத்தஞ்சு நடக்குது. பிள்ளை பெற எனக்கு எத்தினை வருசம் கிடக்கெண்டு நினைச்சீங்கள்? அவர் என்னில பிழை எண்டார், நான் அவரில பிழை எண்டன். ரெண்டு பேரும் போனில சண்டை பிடிச்சு ஒரு மாசம் கதைக்காமல் இருந்தனாங்கள். உங்களை நான் கும்பிட்டனான் அக்கா! பொங்கலுக்குச் சீலை கொண்டுவந்து தந்தனான்!”

நடுவில் வீட்டுக்கார அம்மா சத்தம் கேட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் இரண்டு பிளேன்டீ வைத்துவிட்டுப் போனார். “குடியுங்கோ” என்றாள் தர்ஷினி. குடித்தேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

எல்லாம் நியாயம். கடைசியில் கதவைக் காட்டி “போங்கோ” என்றாள். “என்ர செய்கை மன்னிக்கக்கூடியதில்லை” என்று சொல்லிவிட்டு வந்தேன். கீழே இறங்கும்போது பெட்டி தரையில் விழுந்து படங்கள் சிதறும் சத்தம் கேட்டது.

மழையில் நனைந்து வந்தேன். அவள் ஏசியதை நினைத்து நினைத்து அழுதேன். இவருக்கும் எல்லாம் சொன்னேன். இவர் துவாயைத் தந்து, “இவ்வளவு நாளும் தனியாவோ வைச்சிருந்தனீர்?” என்றார். அவ்வளவுதான்.

இன்று மாத்திரை இல்லாத முறை. இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது.

யூன் 27, வெள்ளி

12.30 – 5.30.

ஐந்து மணித்தியாலம். மாத்திரை இல்லை. கனவும் இல்லை. இவர்தான் எழுப்பினார்.

ஐந்து!

அரை மணித்தியாலம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்த மனிசிக்கு இப்படி ஒரு நித்திரையா? வெட்கமாகவும் இருக்கிறது, துள்ளவும் வேண்டும்போல இருக்கிறது. பல் துலக்கும்போது பாட்டு வந்தது. கண்ணாடியில் பார்த்து நிற்பாட்டிக்கொண்டேன்.

யூன் 30, திங்கள்

வெயில்.

விஷயம் பரவிவிட்டது. தர்ஷினி புடைவைக் கடையில் சொல்லியிருக்கிறாள், சொல்லத்தானே வேண்டும். காலையில் இரண்டு பேர் வந்து தங்கள் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் என்னைப் பார்க்காமல் நானாவிடம் கேட்டு வாங்கினார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

நானா பின்னுக்கு வந்து நின்றார். “ரெண்டு ஃபைல் தானே மிஸ். நீங்க வந்த முதல் வருசம் ஒரு ஃபைலும் இல்ல. அப்பவும் இந்த மேசைலதான் இருந்தீங்க.”

பேர் போகும் என்று பயந்தேன். கொஞ்சம் போய்த்தான் விட்டது. இன்றும் நாலே முக்கால் மணித்தியாலம் நித்திரை. கவுன்சிலரிடம் சொன்னேன், அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். “ஒரு நல்ல ராத்திரியை வைச்சு ஆடக்கூடாது அன்ரி, ஒரு கெட்ட ராத்திரியை வைச்சு அழவும் கூடாது. விதியை விடாதேங்கோ.” விடமாட்டேன். மாத்திரை இன்றோடு முழுக்க நிற்கிறது.

யூலை 2, புதன்

தர்ஷினி வந்தாள்! வணக்கமும் இல்லை, அக்காவும் இல்லை. கதிரையை என் பக்கத்துக்கு இழுத்துப் போட்டு இருந்தாள். ஃபைலை மேசையில் வைத்தாள்.

“எழுதுங்கோ. நான் பக்கத்தில இருந்து பாக்கப்போறன்.”

“வேற ஆளிட்டப் போயிருக்கலாமே பிள்ளை.”

“வேற ஆளும் தாலிகட்டு நாளைத்தான் எழுதும். நீங்கள் இனி எழுதமாட்டீங்கள்.”

நாலு மணித்தியாலம். ஒவ்வொரு எண்ணையும் அவள் வாய்விட்டு வாசிக்க, நான் பதிந்தேன். பிறகு விளக்கக் கடிதம். முந்திய விண்ணப்பத்தில் கல்யாண நாள் பிழையாக வந்தது ஃபோம் நிரப்பியவரின் தவறு, விண்ணப்பகாரரின் தவறல்ல. கீழே என் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. எத்தனையோ பேருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், எனக்கென்று எழுதியது இது ஒன்று.

படத்தில் இருபதைத் தெரிந்தோம். சிகிரியாப் படத்தைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள், உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

யூலை 6, ஞாயிறு

ஃபிளாட்டின் கீழே காவலாளி “நோனா” என்று மறித்துச் சிங்களத்தில் கேட்டார், உங்கள் வீட்டில் ஆள் இல்லையா என்று. ஏன் என்றேன். ராத்திரி மூன்று மணிக்கு எப்போதும் நாலாம் மாடியில் உங்கள் லைட்தான் எரியும், பத்து நாளாக இருட்டு, ஊருக்குப் போய்விட்டீர்களோ என்று நினைத்தேன் என்றார்.

லிஃப்டில் தனியாக நின்று கைதட்டினேன்.

ஃபோம், பென்சிலால்: 4.45, 5, 5, 3 (வியாழன், நெஞ்செரிவு), 5, 4.50, 5. மனநிலை 3, 4, 4, 2, 4, 4, 5. ஐந்து போடும்போது ஒரு தரம் யோசித்தேன். உண்மை, போட்டேன்.

யூலை 7, திங்கள்

கவுன்சிலர் கால் மணித்தியாலம் கூட்டித் தந்தார். 12.15 – 5.30. சம்பள உயர்வு கிடைத்தமாதிரி நடந்து வந்தேன்.

பின்னேரம் ஐந்தரைக்குத் தர்ஷினியின் விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றினோம். முன்பென்றால் பதினொரு தரம் பார்ப்பேன், வீட்டுக்கு வந்து பிரதியையும் பார்ப்பேன். இன்று இரண்டு தரம். பொத்தானை அவளே அழுத்தினாள். அழுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டாள்.

இரவுச் சாப்பாடு: புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு சரி.

யூலை 8, செவ்வாய்

காலை 5.35. மழை பெய்து விட்டிருக்கிறது, எப்போது என்று தெரியாது. நிலம் ஈரம்.

கண் விழித்தால் கட்டிலில் இவர் இல்லை. ஹோலில் கதிரையில், கண் இரண்டும் சிவந்து, கையில் என் போன்.

“தர்ஷினி ஒன்பது தரம் எடுத்தவள். ரெண்டு மணிக்குத் துவங்கி நாலு மணி வரைக்கும். உம்மட காதடியிலதான் கிடந்து அடிச்சது. நீர் அசையேல்லை.”

“எழுப்பியிருக்கலாமே?”

“பதினாலு மாசத்துக்குப் பிறகு படுத்த மனிசியை நான் எழுப்புவனே? கடைசியில நான் எடுத்து, அவ நித்திரை, காலமை கதையும் எண்டனான். பிறகு எனக்குத்தான் நித்திரை வரேல்லை.”

அவ நித்திரை. இவரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சொன்னார்.

தர்ஷினிக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள், விடிய விடிய முழித்திருந்த குரல். “அக்கா, அந்த நாலாம் பக்கத்தில எந்தத் திகதி போட்டனாங்கள்? எழுத்தோ தாலிகட்டோ? எனக்கு ஞாபகம் வரேல்லை அக்கா, நெஞ்சு அடிக்குது, ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.”

எழுத்து, பெப்ரவரி 11, சரியாக இருக்கிறது, போய்ப் படும் பிள்ளை என்றேன். ஃபைலைத் திறக்கவில்லை.